வெயில் விழும் பக்கம்

சென்ற ஆவணி மாதம் சென்னையிலிருந்து ஒருவர் அழைத்தார். கணினித் துறை. ஒஸ்லோவில் இரண்டு ஆண்டு ஒப்பந்தம். மனைவியும் நான்கு வயது மகளும் கூடவே வருகிறார்கள். என் நண்பருடைய தம்பியின் கூட்டாளி. குரலில் பதற்றம் இருந்தது.

“அண்ணா, வெஸ்ட் பக்கம்தான் வீடு எடுக்கணுமாமே? ஈஸ்ட் பக்கம் தலைவச்சே படுக்கக் கூடாதுன்னு சொல்றாங்க. ஒரே ஒரு ஏரியா பேரு சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்.”

நான் பெயர் சொல்லவில்லை. “தம்பி, முதல் மூண்டு விஷயம் சொல்லுங்கோ. கந்தோர் எந்த ரயில் நிலையத்துக்குக் கிட்ட? பிள்ளையைக் காலமை ஆர் கொண்டுபோய் விடுறது? நீங்கள் வேலைக்குப் போன பிறகு உங்கட மனிசி பகலிலை ஆரோடை கதைக்கப் போறா?”

முதல் இரண்டுக்கும் பதில் வந்தது. மூன்றாவதற்கு நீண்ட மௌனம். இங்கே வந்த நாளில் என்னிடமும் அதற்குப் பதில் இருக்கவில்லை. அந்த ஒரு கேள்விக்காகத்தான், நோர்வேக்கு வந்து சேர்ந்த பிறகும் எங்களில் பலர் இந்த நாட்டுக்குள்ளேயே ஏறத்தாழ இரண்டாயிரம் கிலோமீற்றர் இடம்பெயர்ந்தோம். அந்தக் கதையைச் சொல்லாமல் ஒஸ்லோவில் எங்கே குடியேறலாம் என்று சொல்ல எனக்குத் தெரியாது.

ஓர் ஆறு போட்ட கோடு

கிழக்கு, மேற்கு என்று ஒஸ்லோக்காரர் பேசும்போது திசைகாட்டியை மட்டும் வைத்துப் பேசுவதில்லை. நகரின் நடுவே ஆக்கர்செல்வா என்றொரு சிற்றாறு ஓடுகிறது. வடக்கே மரிடால்ஸ்வான் ஏரியில் புறப்பட்டு, பத்துக் கிலோமீற்றர்கூட ஓடாமல் கடலில் விழுந்துவிடும். அந்தக் குறுகிய ஓட்டத்துக்குள் பல அருவிகள். 19ஆம் நூற்றாண்டில் அந்த அருவிகளின் விசையை நம்பி நெசவாலைகளும் இயந்திர ஆலைகளும் எழுந்தன. ஆலைத் தொழிலாளர்கள் ஆற்றங்கரையிலும் கிழக்கிலும் நெருக்கிக்கொண்டு வாழ்ந்தார்கள். பணம் படைத்தவர்கள் புகைக்கு எட்டாமல் மேற்கே ஃப்ரொக்னரிலும் ஹொல்மன்கொல்லன் மலைச்சரிவிலும் வீடு கட்டினார்கள். ஆலைகள் மூடி நெடுங்காலமாகிவிட்டது. பழைய ஆலைக் கட்டடங்களில் இன்று அலுவலகங்களும் கலைக் கல்லூரியும் உணவகங்களும் இருக்கின்றன. கோடு மட்டும் அழியவில்லை. வருமானத்தில், கல்வியில், சராசரி ஆயுளில்கூட இரு பக்கங்களுக்கும் வேறுபாடு உண்டு.

சென்னைத் தம்பிக்குக் கிடைத்த அறிவுரை இந்தக் கோட்டிலிருந்து வந்ததுதான். அதில் பொய் இல்லை. ஆனால் அது கிழக்கில் குடியிருப்பவர்களின் சம்பளத்தைப் பற்றிய செய்தி. ஒரு வீட்டின் வாசலில் நின்று பார்த்தால் என்ன தெரியும், யார் எதிர்ப்படுவார் என்பதை அது சொல்லாது.

கிழக்கே இன்னும் தள்ளிப் போனால் குரூருட் பள்ளத்தாக்கு. தமிழர்கள் மிகுதியாக வாழும் பகுதி இதுவே. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இது வயல்வெளி. ஸ்தோவ்னர், ஃபூருசெட், ஹேகருட் எல்லாம் பண்ணைகளின் பெயர்கள்; பண்ணைகள் போய்ப் பெயர்கள் ரயில் நிலையங்களில் ஒட்டிக்கொண்டன. 1948இல் ஒஸ்லோ தன்னைச் சுற்றியிருந்த ஆக்கர் நகராட்சியைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. போருக்குப் பிந்தைய கடும் வீட்டுப் பஞ்சம். கட்ட நிலம் கிடைத்ததும் நகரம் வெளியே விரிந்தது. 1950களில் தெற்கே லாம்பெர்ட்சேத்தர் முதல் துணைநகராக எழுந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் குரூருட் பள்ளத்தாக்கின் இரு சரிவுகளிலும் தொடர்மாடிகள் நிறைந்தன. 1966இல் சுரங்க ரயில் ஓடத் தொடங்கி, 1970களின் நடுவில் ஸ்தோவ்னருக்கும் வெஸ்த்லிக்கும் வந்துசேர்ந்தது.

இந்த வீடுகளில் பலவற்றைக் கட்டியது 1929இல் தொடங்கிய ஓபோஸ் என்ற வீட்டுக் கூட்டுறவுச் சங்கம். இடுக்கான நகர வீடுகளிலிருந்து வந்த தொழிலாளிக்குக் குளியலறை, வெந்நீர், பல்கனி, பிள்ளைகள் வாகனத்துக்குப் பயப்படாமல் ஓடி விளையாட முற்றம். ரொம்சோஸ் குடியிருப்பில் வாகனங்கள் வெளிவட்ட வீதியோடு நின்றுவிட, உள்ளே நடைபாதைகள்தான். ஏழைகளை ஒதுக்கி வைக்கக் கட்டிய இடமென்று இன்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையில் அக்காலத்தில் இங்கே ஒரு வீடு கிடைத்தவர் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்.

வடமுனையிலிருந்து ஒரு புறப்பாடு

நோர்வேத் தமிழர் வரலாறு 1956இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த அன்ரனி இராஜேந்திரத்திடம் தொடங்குகிறது. பிற்காலத்தில் காரைநகரிலும் குருநகரிலும் படகும் வலையும் செய்த சீநோர் நிறுவனம் அவருடைய முயற்சியில் பிறந்தது. அவருக்குப் பின்னால் இளைஞர்கள் ஒருவர் இருவராக வந்தார்கள். 1975 பெப்ரவரியில் வேலைக்கு ஆள் வருவதை நோர்வே நிறுத்தியது. மாணவர்களுக்கு அந்தத் தடை இல்லை. தேர்வும் புள்ளியும் இல்லாத, தங்கிப் படிக்கும் ‘ஃபொல்க்கெஹொய்ஸ்கூலெ’ என்ற பள்ளிகள் நாடு முழுக்க உண்டு. அவற்றில் இடம் எடுத்து எத்தனையோ பேர் வந்தார்கள். 1983க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்கள் இன்னும் அதிகம்.

வந்தவர்களில் ஒரு பெரிய பங்கு போய் இறங்கியது ஃபின்மார்க்கில். உலகப் படத்தில் நோர்வேயின் உச்சியில், ரஷ்ய எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் மாகாணம். போட்ஸ்ஃபியோர்ட், வார்டொ, வாட்சொ, ஹொன்னிங்ஸ்வோக். கரையோரக் கப்பல் தரிக்கும் சின்னச் சின்னத் துறைமுகங்கள். அங்கே மீன் ஆலைகளுக்குக் கை தேவைப்பட்டது. நானும் அப்படியொரு ஊரில் ஏழு ஆண்டுகள் மீன் வெட்டினேன். கார்த்திகையில் மறையும் சூரியன் தைப்பொங்கல் கழிந்துதான் மலைக்கு மேல் தலைகாட்டும். வேலை முடிந்து வெளியே வந்தால் உப்பும் பனியும் சேர்ந்து கன்னத்தைக் கிழிக்கும். இருந்தாலும் அந்த ஊரைக் குறை சொல்ல மனம் வராது. சம்பளம் நேரத்துக்கு வந்தது. வீடு கிடைத்தது. பக்கத்து வீட்டு மூதாட்டி எங்களுக்குப் பனிச்சறுக்குக் கற்றுத் தர முயன்றார். 1990 முதல் அந்தப் பகுதிக்கு அரசு தனிச் சலுகை கொடுத்தது: வரி குறைவு, மின்சாரத்துக்கு வரி இல்லை, கல்விக் கடனில் ஆண்டுதோறும் ஒரு பகுதி கழிக்கப்படும். மக்கள் அங்கேயே தங்க வேண்டும் என்பதற்காக.

அத்தனையையும் விட்டுவிட்டு ஓராண்டில் ஒரு குடும்பம், மறு ஆண்டில் மூன்று குடும்பம் என்று தெற்கே புறப்பட்டோம்.

ஏன் என்பதை எங்களைவிடத் தெளிவாக எழுதியவர் ஆன் சிக்ஃப்ரிட் குரொன்செத் என்ற நோர்வே மானிடவியலாளர். ஃபின்மார்க்கின் ஒரு மீன்பிடி ஊரில் தமிழர்களோடு தங்கி ஆய்வு செய்தவர். வேலையிருந்தும் வீடிருந்தும் அங்கிருந்த தமிழர்கள் உடல்வலியோடு மருத்துவரிடம் போய்க்கொண்டே இருந்தார்கள். பரிசோதனையில் ஒன்றும் அகப்படுவதில்லை. அந்த நோவை, சொந்தம் சுற்றம் அறுந்த தனிமையோடும், தன்னைத் தானாக அறிந்து மதிக்கும் மனிதர் இல்லாத வாழ்வோடும் அவர் சேர்த்து வாசித்தார். அந்தப் பக்கங்களைப் படித்தபோது என் மனைவியின் தோள்பட்டை நினைவுக்கு வந்தது. இரண்டு குளிர்காலம் வலித்தது. ஒஸ்லோவுக்கு வந்த ஆண்டு, எந்த மருந்தும் இல்லாமல் விட்டுப்போனது.

ஆக, நாங்கள் முதலில் தேர்ந்தெடுத்தது வீட்டை அல்ல. அக்கம்பக்கத்தை. முன்பே வந்த ஓர் உறவினர் ஸ்தோவ்னரில் இருந்தார். அவருடைய மச்சான் அடுத்த கட்டடத்தில். மச்சானோடு படித்தவர் பக்கத்து றொம்மனில். யாழ்ப்பாணத்தார் கொழும்பில் வெள்ளவத்தையை அப்படித்தான் நிரப்பினார்கள். பாரிஸில் லா சப்பல், கனடாவில் ஸ்காபரோ எல்லாம் அதே முறைதான். ஒருவர் போய்ச் சாவியை வாங்குவார். மற்றவர்கள் அவர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துக்கொண்டு தேடுவார்கள்.

நேரமும் வாய்த்தது. 1988இல் சரியத் தொடங்கிய நோர்வே வீட்டு விலை 1993 வரை எழும்பவில்லை. அதற்குச் சற்றுப் பின்னே, மீன் ஆலையில் மிச்சம்பிடித்த காசோடு வந்தவர்களுக்குப் பள்ளத்தாக்கின் கூட்டுறவு வீடுகள் கைக்கெட்டும் விலையில் இருந்தன. நான்கு அறை வீடு என்றால் இந்த நாட்டுக் கணக்கில் ஓர் இருப்பறையும் மூன்று படுக்கையறையும். சமையலறையும் குளியலறையும் அந்தக் கணக்கில் சேராது. மேற்கே அதே பணத்துக்கு ஓர் அறைதான் வரும். விடியற்காலை துப்புரவு வேலைக்கும் மருத்துவமனைக்கும் ஹோட்டல் சமையலறைக்கும் போகிறவருக்கு ரயில் வாசலில் நின்றது. நகர மையத்துக்கு அரை மணிக்குள் போய்விடலாம். றொம்மனில் அன்னை பூபதி தமிழ்க் கலைக்கூடம் வார இறுதியில் பிள்ளைகளுக்குத் தமிழும் நடனமும் இசையும் சொல்லிக் கொடுத்தது. கோயில் இல்லாத ஊரில் குடிபோகக் கூடாது என்று கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பள்ளத்தாக்கிலேயே சிவசுப்பிரமணியர் ஆலயம் வந்தது. எங்களில் கத்தோலிக்கர் பலர். அவர்களுக்கு அதே ரயில் பாதையில் பிரெட்வெட் தேவாலயமும், நகர மையத்தில் புனித ஊலாவ் பேராலயமும் இருந்தன.

வந்தவர்கள் வாடகையில் நிற்கவில்லை. நோர்வேயில் நான்கில் மூன்று குடும்பங்களுக்கு மேல் சொந்த வீட்டில் வாழ்கின்றன. வாடகை என்பது வழியில் தங்கும் மடம் மாதிரி. குடிவந்த இனங்களில் சொந்த வீடுள்ளோர் விகிதத்தில் இலங்கையர் முன்வரிசையில் நிற்பதை நாட்டின் புள்ளிவிவர ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குண்டுவீச்சில் வீடு இழந்தவர்கள் வீடு வாங்கும் அவசரத்தை நான் விளக்கத் தேவையில்லை.

கூட்டுறவு வீட்டின் கணக்கு

புதிதாக வருகிறவருக்கு இங்கேதான் முதல் தடுமாற்றம். “அவ்வளவு தமிழர் இருக்கிறார்கள், ஆனால் அங்கே வாடகைக்கு வீடே விளம்பரத்தில் வருவதில்லையே?” காரணம் சட்டத்தில் இருக்கிறது. ‘பொரெட்ஸ்லாக்’ எனும் கூட்டுறவுக் குடியிருப்பில் வீடு வாங்கியவர் அதில் வாழ வேண்டும் என்பதே விதி. கடந்த இரண்டு ஆண்டுகளில் ஓராண்டாவது தானே அங்கு குடியிருந்தவர், நிர்வாகக் குழுவின் அனுமதியோடு மூன்று ஆண்டு வரை வாடகைக்கு விடலாம். முதலீட்டுக்காக வாங்கி வாடகைக்கு விட்டுக்கொண்டே இருக்க முடியாது. அதனால்தான் இந்தக் குடியிருப்புகளில் அயலவர் நிலைத்து நிற்கிறார்கள். அதனால்தான் வாடகைக்காரருக்குக் கதவு குறைவு. திறக்கும் கதவுகளும் பெரும்பாலும் வாய்வழியாகத் திறப்பவை: வெளிநாட்டில் ஓராண்டு வேலைக்குப் போகும் குடும்பம், தனிவீட்டின் கீழ்த்தளத்தில் ஓர் அறை, இப்படி.

வாடகைக்கு எடுக்கும் முன் ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. முற்பணத்தை வீட்டுக்காரர் கையில் கொடுக்கக் கூடாது. 1999ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி அது வாடகைக்காரர் பெயரில் வங்கியில் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அதிகபட்சம் ஆறு மாத வாடகை, வழக்கத்தில் மூன்று மாதம். ஒஸ்லோவில் என் முதல் நிலவறை வீட்டுக்கு நான் கையில் காசாகக் கொடுத்தேன். அது திரும்பி வரவில்லை. கேட்கப் போனால் மொழி தெரியாதவன் என்ற கூச்சம் நாக்கைக் கட்டியது. இன்று வாடகைப் பிணக்குகளைக் கேட்கவென்றே ஒரு தீர்ப்பாயம் இருக்கிறது; வழக்கறிஞர் இல்லாமலே முறையிடலாம். காலம் குறித்த ஒப்பந்தமென்றால் குறைந்தது மூன்று ஆண்டு என்பதும் சட்டம். வீட்டுக்காரர் மேலே குடியிருந்து கீழ்த்தளத்தையோ மாடத்தையோ விட்டால் ஓராண்டு.

வாங்கப் போகிறவருக்கு வேறு கண்ணி. விளம்பரத்தில் வீட்டு விலை மலிவாகத் தெரியும். கீழே ‘ஃபெல்லஸ்யெல்’ என்றொரு வரி. கட்டடம் முழுவதும் சேர்ந்து வாங்கிய கடனில் உங்கள் பங்கு அது. கூரை மாற்ற, குழாய் மாற்ற, பல்கனி கட்ட வாங்கிய கடன். விலையோடு அதையும் கூட்டிய தொகைதான் வீட்டின் உண்மையான விலை. மாதக் கட்டணத்தில் அந்தக் கடனின் தவணை ஒளிந்திருக்கும். வட்டி ஏறினால் அதுவும் ஏறும். 2022 முதல் நிபுணரின் நிலை அறிக்கை கனதியாகியிருக்கிறது. குளியலறை, கூரை, குழாய் எல்லாவற்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பிடுவார்கள். 3 என்றால் உடனே கை வைக்க வேண்டிய பழுது. குளியலறைக்கு 3 போட்ட வீட்டை நீங்கள் வாங்கினால், பழுதைச் சொல்லவில்லை என்று பிறகு வாதாட முடியாது. படித்ததாகவே கொள்ளப்படும்.

பார்வை நாளில் நீல நிறப் பிளாஸ்திக் உறையைச் சப்பாத்துக்கு மேல் மாட்டிக்கொண்டு உள்ளே போவோம். தமிழர் நேரே போவது சமையலறைக்கு. புகைபோக்கி வெளியே காற்றை விடுகிறதா, அல்லது கரிவடிகட்டியில் சுழற்றித் திரும்ப வீட்டுக்குள்ளேயே விடுகிறதா? பின்னதென்றால் தாளித்த வெங்காயம் மூன்று நாள் குளிரங்கியில் இருக்கும். அலுவலகத்தில் அந்த மணத்தோடு உட்கார்ந்து குறுகிப்போன பெண்களை எனக்குத் தெரியும். சிறு விஷயமென்று யாரும் சொல்ல வேண்டாம்.

அடுத்த நாள் ஏலம். கடைசிப் பார்வை நாளுக்கு அடுத்த வேலை நாள் நண்பகல் 12 மணிக்கு முன் முடியும் எந்தக் கேள்விவிலையையும் முகவர் விற்பவரிடம் கொண்டுபோகக் கூடாது. அதற்குப் பிறகு தொலைபேசி துடித்துக்கொண்டே இருக்கும். நீங்கள் எழுதிய விலை உங்களைக் கட்டும். மனம் மாறிவிட்டது என்று பின்வாங்க இடமில்லை. வங்கி ஆண்டு வருமானத்தின் ஐந்து மடங்குக்கு மேல் மொத்தக் கடன் ஏற விடாது. கைக்காசாக விலையில் 10 விழுக்காடு வேண்டும். 2024 கடைசி வரை அது 15 ஆக இருந்தது. எல்லாம் வென்று வீடு உங்களுக்கு என்று முடிவான பிறகும் கூட்டுறவுச் சங்கத்தின் பழைய உறுப்பினர் ஒருவர் அதே விலைக்கு அதை எடுத்துக்கொள்ளலாம். எத்தனை ஆண்டு உறுப்பினர் என்பதே அங்கே தகுதி. இது தெரிந்த தாய் தகப்பன், பிள்ளை பிறந்ததும் பெயரைப் பதிந்து வைக்கிறார்கள். ஊரில் தென்னம்பிள்ளை நடுவது போல.

ஏழு பாகைச் சூரியன்

இனி, இந்த நகரில் பேட்டையின் பெயரைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது.

யாழ்ப்பாணத்தில் வீடு கட்டுகிறவர் வெயிலை மறைக்கப் பார்ப்பார். முற்றத்தில் வேம்பு, தாழ்வாரத்தில் தட்டி. நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தோம். இங்கே அந்தப் பாடத்தைத் தலைகீழாகப் படிக்க வேண்டியிருக்கிறது. மார்கழியின் மிகக் குறுகிய பகலில் ஒஸ்லோவில் சூரியன் காலை ஒன்பதேகாலுக்கு மேல் உதித்து மூன்றேகாலுக்கு முன் மறைந்துவிடும். நண்பகலிலும் அடிவானத்திலிருந்து ஏழு பாகை உயரம்கூட வராது. அந்தச் சாய்வில் பன்னிரண்டு மீற்றர் உயரமான நான்கு மாடிக் கட்டடத்தின் நிழல் நூறு மீற்றர் நீளும். உங்களுக்குத் தெற்கே எண்பது மீற்றரில் அப்படியொரு கட்டடம் இருந்தால், கீழ் மாடியில் மார்கழியில் நண்பகலிலும் நேர் வெயில் இல்லை.

அதே தெருவில், அதே விலையில், மூன்றாம் மாடியில், தென்மேற்குப் பல்கனியோடு இன்னொரு வீடு இருக்கும். மேற்கின் பெயர்பெற்ற தெருவில் வடக்குப் பார்த்த நிலவறையை எடுத்து, பகலிலும் விளக்கோடு இருந்து, மார்கழிக்குள் படுக்கையை விட்டு எழ முடியாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளையோடு வீட்டில் இருக்கும் பெண்ணுக்கு இது உயிர்ப் பிரச்சினை. விளம்பரத்தில் ‘நல்ல வெயில்’ என்று கோடையில் எடுத்த படத்தோடு போட்டிருப்பார்கள். ஆனியில் ஒஸ்லோவில் எந்தச் சுவருக்கும் வெயில் வரும்.

பள்ளத்தாக்கும் ஒரே மாதிரி இல்லை. நடுவில் இ6 நெடுஞ்சாலையும், நாட்டின் மிகப் பெரிய சரக்கு நிலையமான ஆல்னாபுருவும், கிடங்குகளும். காற்றசைவில்லாத கடுங்குளிர் நாள்களில் குளிர்ந்த காற்று அடியில் தங்கி, வாகனப் புகையும் அதற்குள்ளேயே மூடிபோட்டது போல் நிற்கும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அந்த அடிவாரம் வேண்டாம். மேலே வடசரிவில் ஸ்தோவ்னர், வெஸ்த்லி. அங்கிருந்து நடந்தே லில்லோமார்க்கா காட்டுக்குள் போகலாம். தென்சரிவில் ஃபூருசெட், எல்லிங்ஸ்ரூட். முதுகுக்குப் பின்னால் ஒஸ்ட்மார்க்கா. நகரைச் சூழ்ந்த காட்டில் வீடு கட்டக் கூடாது என்று 2009இல் தனிச் சட்டமே வந்தது. குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு பத்து நிமிடத்தில் ஏரிக்கரை சேரும் வசதி, கோடீசுவரர் வாழும் மேற்குச் சரிவுக்கும் எங்கள் கிழக்குச் சரிவுக்கும் பொதுவானது.

நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஏற்றமா இறக்கமா என்றும் பாருங்கள். பனி உருகி மறுபடி உறைந்த பாதை கண்ணாடி. சப்பாத்துக்கு அடியில் ஆணிப்பட்டை மாட்டாமல் அதில் ஏற முடியாது.

பெயரும் பிள்ளைகளும்

பள்ளிக்கூடம் முகவரியோடு வருகிறது. வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியில் படிப்பது பிள்ளையின் உரிமை. ஆகவே வீட்டைத் தேர்வது பள்ளியைத் தேர்வதும்தான். பத்திரிகைகள் பள்ளிகளின் தேர்வு முடிவை வரிசைப்படுத்திப் போடும். மேற்குப் பள்ளிகள் மேலே இருக்கும். நம் பெற்றோர் அதைப் பார்த்துப் பதறுவார்கள். பெற்றோர் என்ன படித்தார்கள் என்பது அந்தப் புள்ளியில் எவ்வளவு கலந்திருக்கிறது என்று யாரும் பக்கத்தில் எழுதுவதில்லை.

ஸ்தோவ்னர் என்றாலே துப்பாக்கிச் சத்தம், கும்பல் சண்டை என்று செய்தி வந்த காலங்கள் உண்டு. செய்தி பொய்யில்லை. பதின்ம வயது மகன் இரவு பத்து மணிக்கு வரவில்லையென்றால் பல்கனியில் நின்ற தகப்பன்களில் நானும் ஒருவன். ஆனால் அந்தச் செய்தியை எழுதியவர் அங்கே ஒரு மாலை நின்றிருப்பார். நாங்கள் ஆயிரக்கணக்கான மாலைகள் நின்றிருக்கிறோம். 2017இல் சேஷான் ஷாகார் என்ற எழுத்தாளர், தான் வளர்ந்த ஸ்தோவ்னரின் ஒரு தெருப் பெயரையே தலைப்பாக வைத்து ‘தாந்தெ உல்ரிக்கெஸ் வெய்’ என்ற நாவலை எழுதினார். முதல் நூலுக்கான தேசியப் பரிசு அதற்குக் கிடைத்தது. அதன் பிறகு அந்தத் தெருவைப் பார்க்க மேற்கிலிருந்து ஆட்கள் ரயிலேறி வந்ததை என் கண்ணால் பார்த்தேன். 2007இல் தொடங்கி அரசும் மாநகராட்சியும் பள்ளத்தாக்கில் பத்தாண்டுத் திட்டம் ஒன்றை நடத்தின. பூங்காக்கள், நடைபாதைகள் திருந்தின. 2017இல் திறந்த ஸ்தோவ்னர் கோபுரத்தின் சுருள்பாதையில் ஏறினால் முழுப் பள்ளத்தாக்கும் கடல்வாயும் தெரியும். மூன்று வயதில் இலங்கையிலிருந்து வந்த கம்சாஜினி குணரட்ணம் 2015இல் ஒஸ்லோவின் துணை நகரபிதாவானார், 2021இல் நாடாளுமன்ற உறுப்பினரானார். எங்கள் பிள்ளைகள் மருத்துவர்களாகவும் பொறியியலாளர்களாகவும் பேருந்து ஓட்டுநர்களாகவும் இருக்கிறார்கள். அவர்கள் இப்போது நகர எல்லை தாண்டி லொரன்ஸ்கூக்கிலும் ஸ்த்ரொம்மனிலும் தோட்டத்தோடு வீடு வாங்குகிறார்கள். போன தலைமுறையில் வடக்கிலிருந்து தெற்கு. இந்தத் தலைமுறையில் தொடர்மாடியிலிருந்து தரைவீடு.

இந்தியாவிலிருந்து கணினி வேலைக்கு வரும் புதியவர்கள் எங்கள் தடத்தில் வருவதில்லை. வரவேண்டும் என்றும் நான் சொல்லமாட்டேன். பழைய விமான நிலையம் 1998இல் மூடிய பின் நிறுவனங்களும் புதுக் குடியிருப்புகளுமாக வளர்ந்த ஃபோர்னெபு, நடுவிலுள்ள நீடாலன், 2016இல் ரயில் நிலையம் வந்த லொரன் ஆகிய இடங்களில் அவர்களைப் பார்க்கலாம். புதுக் கட்டடம், மின்தூக்கி, வேலைக்குக் கிட்ட. வாடகை கூடுதல். ஈராண்டில் திரும்பிப் போகிறவருக்கு அது சரியான கணக்காகவும் இருக்கலாம்.

கார்த்திகை மாலை

அந்தத் தம்பி ஐப்பசிக் கடைசியில் குடும்பத்தோடு வந்து இறங்கினார். நிறுவனம் ஒரு மாதத்துக்கு இடம் கொடுத்திருந்தது. எல்லோரும் ஞாயிறு நண்பகலில் வீடு பார்ப்பார்கள். நான் அவர்களை ஒரு செவ்வாய் மாலை ஐந்து மணிக்கு, மழைத் தூறலில், கும்மிருட்டில் கூட்டிப்போனேன். வேலை முடிந்து வரும் சனத்தோடு ரயிலேறி, நிலையத்தில் இறங்கி, குழந்தையைத் தூக்காமல் நடத்திக்கொண்டு வீடு வரை போனோம். பாதையில் விளக்கு எரிகிறதா, கடையில் வெளிச்சம் இருக்கிறதா, எதிரே வருகிறவர் முகத்தைப் பார்க்கிறாரா, மாடிப்படியில் பிள்ளைகளின் சப்பாத்துகளும் பனிச்சறுக்கு வண்டிகளும் கிடக்கின்றனவா.

ஃப்ரொக்னரில் பார்த்த வீடு அழகு. உயர்ந்த கூரை, பழைய மரத்தளம், வடக்குப் பார்த்த சன்னல். படிக்கட்டில் ஒரு குழந்தைச் சப்பாத்தும் இல்லை. றொம்மனில் பார்த்தது நல்ல வீடு. அலுவலகத்துக்கு இரண்டு ரயில் மாற வேண்டும். லொரனில் மூன்றாவது. எதிரே திறந்த சதுக்கம், நிலையம் நான்கு நிமிடம், பாலர் பள்ளி கீழேயே. அறிவிப்புப் பலகையில் இலையுதிர்கால ‘டுக்னாட்’ நாளின் படங்கள் ஒட்டியிருந்தன. எங்கள் ஊர்ச் சிரமதானம் மாதிரி. ஆண்டுக்கு ஒன்றிரண்டு நாள் குடியிருப்பவர் எல்லாரும் சேர்ந்து சருகு கூட்டி, வேலி பூசி, கடைசியில் ஒன்றாகத் தின்னக் குடிக்க உட்காருவார்கள். தமிழோ நோர்வேஜிய மொழியோ தெரியாதவரும் அங்கே ஒரு மண்வாரியோடு பழக்கமாகிவிடலாம். அந்தப் படங்களைத் தம்பியின் மனைவி நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

“பாலர் பள்ளியில் இடத்துக்கு மார்ச் முதலாந் திகதிக்கு முன்னம் விண்ணப்பம் போடுங்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் லொரனையே எடுத்தார்கள். முற்பணம் வங்கிக் கணக்கில்தான் போட்டார்கள். சனிக்கிழமைகளில் மகளைத் தமிழ் வகுப்புக்கு ரயிலில் றொம்மனுக்குக் கொண்டுவருகிறார்கள்.

பெப்ரவரி முதல் வாரத்தில் அவரிடமிருந்து ஒரு படம் வந்தது. பல்கனிக் கதவு வழியாகத் தரையில் விழுந்த வெயில், ஒரு முழ நீளம் இருக்கும். அதன் நடுவே இரண்டு தேநீர்க் கோப்பைகள். ஒன்று மனைவியுடையது, மற்றது நான்காம் மாடியில் இருக்கும் எரித்திரியப் பெண்ணுடையது என்று கீழே எழுதியிருந்தார்.